ஜட்ஜ் என்றால் நீதிபதி இல்லை: தவுக்கியானில் ஒரு மத்தியானம்

டாக்ஸிக்காரன், தாக்கேத்தா:

புது வண்டி எடுத்தால், ரங்கூனுக்கு வடக்கே தவுக்கியான் பக்கம் இருக்கிற ஷ்வே ஞாவுங்பின் ஆலமரத்து நட் சாமியிடம் (நட் என்றால் பர்மியர் கும்பிடும் காவல் தெய்வம்) கொண்டுபோய், மூன்று தடவை முன்னும் பின்னும் நகர்த்தி வண்டியைக் கும்பிட வைப்பது ரங்கூன் வழக்கம். என் ப்ரோபாக்ஸும் கும்பிட்டிருக்கிறது. பெகு சவாரி வந்தாலும் அதே வழிதான். ஆக, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் பக்கம் நின்று செத்தவர்களுக்கான தவுக்கியான் போர்க் கல்லறையை நூறு தடவையாவது தாண்டியிருப்பேன். ஒரு நாள்கூட இறங்கினதில்லை. வெள்ளைக்காரன் இடுகாட்டில் நமக்கென்ன ஜோலி என்ற நினைப்பு.

வீட்டுக் கதையும் ஒரு காரணம். தாத்தா ஐ.என்.ஏ.வில், அதாவது ஜப்பானோடு சேர்ந்து பிரிட்டிஷாரை எதிர்த்த நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில், இருந்தவர். சாமி படங்களோடு நேதாஜி படமும் மாலை போட்டுத் தொங்கும் வீடு எங்களுடையது. எதிர்ப்பக்கம், பிரிட்டிஷ் படையில் நின்ற இந்தியச் சிப்பாய்களைப் பற்றிப் பேச்சு வந்தால், "கூலிக்குச் சுட்டவனுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அந்த வார்த்தையைக் கேட்டே வளர்ந்தவன் நான்.

ஒரு குளிர்காலத்தில் ஏர்போர்ட்டில் ஒரு சர்தார்ஜி ஏறினார். எழுபது வயதுக்கு மேலிருக்கும். எனக்குத் தெரிந்தது சினிமா இந்தி, அதை வைத்தே ஓட்டினேன். தவுக்கியான் போகணும், "ஜட்ஜ் சாப்" பேரைப் பார்க்கணும் என்றார். யாரோ கோர்ட்டு நீதிபதி செத்து அங்கே புதைத்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். போகிற வழியில்தான் தெரிந்தது, ஜட்ஜ் என்பது பேரிலேயே சேர்ந்தது. லெப்டினன்ட் கரம்ஜீத் சிங் ஜட்ஜ், 15ஆவது பஞ்சாப் ரெஜிமெண்டின் 4ஆவது பட்டாலியன். 1923இல் கபூர்தலாவில் பிறந்தவர். சர்தார்ஜியின் அப்பா அதே பட்டாலியனில் சிப்பாயாக இருந்தாராம்.

உள்ளே நுழைந்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. புல்வெளி முழுக்க வரிசை வரிசையாக 6,374 கல்லறைகள். நடுவில் உயர்ந்த தூண்கள், ஒவ்வொன்றிலும் பேர் பேராக வெட்டியிருக்கிறார்கள். உடலே கிடைக்காதவர்கள் மட்டும் ஏறக்குறைய 27,000 பேர். எரித்துச் சாம்பலாக்கப்பட்ட இந்து, சீக்கியச் சிப்பாய்களுக்குத் தனியாக ஒரு நினைவிடம் இருக்கிறது. அதில்தான் ஜட்ஜ் பேர். சர்தார்ஜி செருப்பைக் கழற்றிவிட்டு, கைக்குட்டையை நனைத்து அந்த ஒரு வரியைத் துடைத்தார். அப்புறம் புல்லில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார்.

1945 மார்ச் 18. நடு பர்மாவில் மிஞ்சான் ஊர் ஓரத்தில் ஒரு பருத்தி மில். ஜப்பான்காரன் பங்கர் தோண்டி உள்ளே பதுங்கியிருக்கிறான். மேடும் பள்ளமுமான தரை, டாங்கி எல்லா இடத்துக்கும் போக முடியாது. டாங்கிகளையும் காலாட்படையையும் சுற்றி அன்றைக்கு 200 குண்டுகளுக்குக் கிட்டே விழுந்திருக்கின்றன. டாங்கிக்குள் இருப்பவனுக்கு ஒரு சந்து வழியாகத் தெரிகிற அளவுதான் பார்வை. எந்தப் பங்கரிலிருந்து மெஷின்கன் சுடுகிறது என்பது அவனுக்குத் தெரியாது, வெளியே தரையில் படுத்துக் கிடக்கிறவனுக்குத்தான் தெரியும். வெளியே நிற்கிறவன் உள்ளே பேச டாங்கியில் ஒரு டெலிபோன் உண்டு. ஆனால் அதில் பேச வேண்டுமென்றால் எழுந்து போய் டாங்கியை ஒட்டி நின்றாக வேண்டும். எதிரி குறி வைப்பதே அந்த டாங்கியைத்தான்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். லாரியை ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனர் பையன் இறங்கி, பின்பக்கத் தகட்டைத் தட்டித் தட்டி "வா, வா, ஒடி, ஒடி, ஆங்" என்று சொல்வானே, அந்த வேலை. அதைக் குண்டு மழையில் செய்திருக்கிறார். ஆபீசர் அவர், ஒரு சிப்பாயை அனுப்பியிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் தானே போனார், தானே கை காட்டினார், டாங்கி அடித்து ஓய்ந்ததும் ஆட்களோடு முதல் ஆளாகப் பங்கருக்குள் பாய்ந்தார். அப்படிப் பத்துப் பங்கர்கள். நடுவில் ஒரு ஓடைப் பள்ளத்திலிருந்து துப்பாக்கிக் கத்தியோடு பாய்ந்து வந்த இரண்டு பேரையும் பத்து கெஜத்தில் சாய்த்திருக்கிறார்.

சண்டை முடியக் கால் மணி நேரம். கடைசியாக மூன்று பங்கர்கள். ஒரு டாங்கியை இருபது கெஜம் வரை கூட்டி வந்து, புகைக்குண்டு எறிந்து இடத்தைக் காட்டினார். கொஞ்ச நேரம் சுட்டார்கள். மறுபடி போனை எடுத்து, "நிறுத்துங்க, நான் உள்ளே போறேன்" என்ற மாதிரி சொல்லிவிட்டுச் சில ஆட்களோடு நடந்தார். பத்து கெஜம் இருக்கையில் உள்ளேயிருந்து மெஷின்கன் மறுபடி சுட்டது. நெஞ்சில் பட்டது. மிச்சமிருந்தவர்கள் அந்தப் பங்கரைப் பிடித்துவிட்டார்கள்.

வயது 21. பிரிட்டிஷ் படையின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸை 1945 ஜூலையில் அறிவித்தார்கள், ஆள் போன பிறகு. சர்தார்ஜி வந்த அந்த வருஷம் என் மூத்தவனுக்கும் வயது 21. வீட்டில் பைக் சாவியை எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டிருப்பான்.

உளுந்து வியாபாரி, மாந்தளை:

அண்ணே, மிஞ்சானுக்கு நான் வருஷத்துக்கு நாலு தடவை உளுந்தும் எள்ளும் பிடிக்கப் போறவன். மார்ச்சில் அந்த வெயிலில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். புழுதி, வறண்ட ஓடை, எங்கே திரும்பினாலும் பனைமரம். முதல் தடவை போனபோது ராமநாதபுரம் பக்கம் வந்துவிட்டோமோ என்று இருந்தது. உங்கள் பதிவைப் படித்ததும் தரகரிடம் பழைய பருத்தி மில் எது என்று கேட்டேன். பெரிய சண்டை நடந்தது என்று அவர் பாட்டி சொல்வாராம், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். மனிதர் எள்ளு விலையில் குறியாக இருந்தார், நானும்தான்.

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அதே பட்டாலியனில் நாயக் கியான் சிங் என்பவர் அதே மார்ச் 2ஆம் தேதி, கம்யேயிலிருந்து மிஞ்சான் வருகிற சாலையில் நடந்த சண்டைக்காக விக்டோரியா கிராஸ் வாங்கினார். பதினாறு நாள் இடைவெளியில் ஒரே பட்டாலியனுக்கு இரண்டு. கியான் சிங் பிழைத்து ஊர் திரும்பி 1996 வரை வாழ்ந்தார்.

தட்டோன் பேத்தி:

நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா எனக்கு உறுத்துது. எங்க தாத்தா ஐ.என்.ஏ. ஆபீசர் தில்லான் சாப் ரெஜிமெண்டில் ஐராவதி ஓரம் ஞாவுங்ஊவில் நின்றவர். 1945 பிப்ரவரி 14 அன்றைக்கு அங்கே ஆற்றைக் கடந்து வந்தது 7ஆவது இந்திய டிவிஷன். ஜட்ஜின் பட்டாலியனும் அந்த டிவிஷன்தானே? எதிரில் வந்தவனும் நம்ம ஆளு என்று தாத்தா சொல்லும்போது குரல் உடையும். கப்பலில் மெட்ராஸ் போனவர்களும் சரி, இங்கேயே தங்கிவிட்ட நாங்களும் சரி, நேதாஜி பக்கத்துக் கதையை மட்டுமே வைத்துக்கொண்டோம். எங்க தாத்தாவுக்கு ஒரு கல்லு இல்லை, பேரு இல்லை. பிரிட்டிஷ் கொடிக்காகச் செத்தவருக்கு மட்டும் இத்தனை பளிங்கா?

டாக்ஸிக்காரன், தாக்கேத்தா:

தங்கச்சி, உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

சர்தார்ஜி என்னைப் பார்த்து, உங்கள் வீட்டில் யாராவது அந்தச் சண்டையில் இருந்தார்களா என்று கேட்டார். தாத்தா இருந்தார், ஆனா அந்தப் பக்கம் என்றேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "என் அப்பாவின் அண்ணனும் அந்தப் பக்கம்தான்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

தூண்களுக்கு நடுவில் வட்டமான ஒரு மண்டபம் உண்டு. சுதந்திர மனிதர் எல்லோருக்காகவும் உயிர் விட்டார்கள் என்று அதில் ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குர்முகியில் வெட்டியிருக்கிறார்கள். தமிழ் இல்லை. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் பேர்கள் இருக்கிற தூணுக்கு அவரே என்னைக் கூட்டிப் போனார். சாமி, அப்பன், முத்து என்று முடிகிற பேர்கள், எல்லாம் ஆங்கில எழுத்தில். சர்தார்ஜி ஒன்றைப் படித்தார், வாயில் நுழையாமல் பாதியில் நின்றார். நான் சரியாகச் சொன்னேன். அடுத்ததையும் படி என்றார். படித்தேன். இப்படியே ஒரு முப்பது பேர் இருக்கும், வரிசையாகச் சத்தமாகப் படித்துக்கொண்டே போனேன். அவர் பக்கத்தில் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு நின்றார். தோட்டக்காரர் வந்து கேட்டைச் சாத்தப் போகிறோம் என்று பர்மியத்தில் சொல்கிற வரைக்கும் படித்தேன்.