வீட்டு ஓனருக்குப் புகார்க் கடிதம் எழுதலாமா, நேரில் பேசினால் போதுமா?

வேளச்சேரி குடித்தனம்:
வேளச்சேரியில் ஒரு பழைய அடுக்ககத்தின் மேல்தளத்தில் குடியிருக்கிறேன். வாடகை 17,000, அட்வான்ஸ் ஒரு லட்சம். ஐப்பசி மழையில் உள்ளறைக் கூரை ஊறிப்போய், உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து கட்டில் மேல் விழுந்தது. பெயர்ந்த இடத்தில் துருப்பிடித்த கம்பி தெரிகிறது. விரலால் தொட்டால் துரு செதில் செதிலாக உதிர்கிறது. கட்டிலை நகர்த்திவிட்டு எல்லோரும் கூடத்தில் படுக்கிறோம். ஓனர் மேற்கு மாம்பலத்தில் இருக்கிறார், போன் செய்தால் "பார்க்கலாம் சார்" என்கிறார். கடிதம் எழுதுங்கள் என்கிறாள் மனைவி. எழுத்தில் போட்டால் பகையாகிவிடும் என்கிறார் அப்பா. நான் எழுதி வைத்திருப்பது இது:

"ஐயா, பலமுறை சொல்லியும் நீங்கள் அலட்சியமாக இருக்கிறீர்கள். மொட்டை மாடியை ஒழுங்காகப் பராமரிக்காததால் என் குடும்பத்தின் உயிருக்கே ஆபத்து. உடனே சரிசெய்யாவிட்டால் அடுத்த மாதம் முதல் வாடகை தரமாட்டேன். சட்ட நடவடிக்கையும் எடுப்பேன்."

அனுப்பலாமா?

நங்கநல்லூர் மாடிவீடு:
அனுப்பாதீர்கள் தம்பி. நான் ஓனர் தரப்பு, அதையும் சொல்லிவிடுகிறேன். மாடியில் ஒரு போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறேன், பென்ஷனோடு அந்த வாடகையும் சேர்ந்தால்தான் வீட்டுச் செலவு ஓடும். இப்படி ஒரு கடிதம் வந்தால் அன்றைக்கே எனக்கு மனசு விட்டுப்போகும். அப்புறம் நீங்கள் கேட்டது எதையும் முழு மனசோடு செய்ய வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாம்பலம் போய் போட்டோவைக் காட்டிப் பேசுங்கள். நேரில் பார்த்துப் பேசுகிறவரிடம் "பார்க்கலாம்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சென்னையில் ஓனர், குடித்தனக்காரர் உறவு இத்தனை காலமும் வாய்வார்த்தையில்தான் ஓடியிருக்கிறது.

பாரிமுனை குமாஸ்தா:
வக்கீல் ஆபீஸில் வாடகை வழக்குக் கட்டுகளைப் பார்த்தே தலை நரைத்தவன் நான். நங்கநல்லூர் சார் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை அனுப்பவே கூடாது. ஆனால் வேறு கடிதம் கட்டாயம் எழுதணும்.

முதலில் அந்த வாடகை வரியை அடித்துவிடுங்கள். 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது, 1960-ஆம் ஆண்டுச் சட்டம் போய்விட்டது. புதிய சட்டப்படி இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்து, நோட்டீஸ் வந்த பிறகும் ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால், காலி செய்யச் சொல்ல அதுவே காரணம். கூரை ஒழுகியதைப் பற்றிப் பேசப் போனவர் வாடகை கட்டாதவராக நிற்க வேண்டிவரும். கூரை இடிந்தாலும் வாடகையை ஒன்றாம் தேதி வங்கிக் கணக்கில் போடுங்கள்.

அடுத்தது, அந்தச் சட்டத்தின் அட்டவணையிலேயே யார் எதைச் சரிசெய்வது என்று பிரித்திருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை கட்டட அமைப்பு சார்ந்த பழுது, வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் ஓனர் தலையில். குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, வாஷ்பேசின், கீசர் மாதிரியானவை குடியிருப்பவர் தலையில். கூரைக் கம்பி துருப்பிடிப்பது எந்தப் பக்கம் என்று யாரும் சண்டை போட வேண்டியதே இல்லை. அதனால் கடிதத்தில் கோபத்துக்கு வேலையே கிடையாது.

நங்கநல்லூர் மாடிவீடு:
சட்டம் இருக்கட்டும். இந்தக் காலத்தில் வாட்ஸ்அப்பில் போட்டோவோடு ஒரு செய்தி போட்டால் போதாதா? தேதியும் நேரமும் தானாகவே பதிவாகிறது. கவரில் வைத்துத் தபாலில் கடிதம் வந்தாலே எங்களுக்கு அது வக்கீல் நோட்டீஸ் மாதிரிதான் தெரியும்.

பாரிமுனை குமாஸ்தா:
வாட்ஸ்அப்பும் சாட்சியம்தான், மறுக்கவில்லை. ஆனால் வழக்கு என்று வந்துவிட்டால் மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் இணைக்கணும். முன்பு பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு என்பார்கள், 2024 ஜூலை முதல் புதிய சாட்சியச் சட்டத்தில் 63-ஆம் பிரிவு. நடுவில் போன் மாறும், எண் மாறும், செய்தி அழிந்துபோகும். கடிதத்தைச் சரியான முகவரிக்குப் பதிவு செய்து அனுப்பினால், போய்ச் சேர்ந்தது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். 2025-இல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டதால், ஸ்பீட் போஸ்ட்டிலேயே பதிவு வசதி வேண்டும் என்று கவுன்ட்டரில் கேட்டு வாங்கணும். ரசீதைக் கடித நகலோடு பின் அடித்து வையுங்கள்.

மயிலை மீனா:
நேரில் போய்ப் பேசுங்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறீர்கள். நான் தனியாக வாடகைக்கு இருப்பவள். ஓனர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தால் கூரையைப் பற்றிய பேச்சு இரண்டு நிமிஷம்தான். மிச்ச நேரமெல்லாம் எனக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை, வீட்டுக்கு யார் யார் வருகிறார்கள் என்பதுதான் பேச்சு. எழுதினால் எழுதியதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

முன்பு இருந்த வீட்டில் குளியலறைச் சுவர் ஓதம் பிடித்து உப்புப் பூத்து பெயின்ட் உரிந்தது. அப்போதே ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து, நகலில் ஓனரம்மாவிடம் கையெழுத்து வாங்கி வைத்தேன். காலி செய்தபோது வழக்கமான பெயின்டிங் காசு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்தார்கள், அதற்கு மேல் சுவர் சேதத்துக்கு என்று இன்னொரு தொகையும் கேட்டார்கள். அந்த நகலை எடுத்து வைத்தேன். சேதக் கணக்கு அங்கேயே முடிந்தது. வாய்வார்த்தையாக மட்டும் சொல்லியிருந்தால், "நீ எப்போம்மா சொன்னே?" என்றிருப்பார்கள். அட்வான்ஸ் அவர்கள் கையில் இருக்கும்போது நம் கையில் ஒரு காகிதமாவது இருக்க வேண்டாமா, சார்?

நங்கநல்லூர் மாடிவீடு:
மீனாம்மா, நீங்கள் சொன்னது நியாயம். அந்தச் சூழ்நிலையை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் வேளச்சேரி தம்பி விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். அது அடுக்ககம். மொட்டை மாடி எல்லா உரிமையாளர்களுக்கும் பொது. அங்கே தளத்து ஓடுகளைப் பெயர்த்துப் போடணும் என்றால் சங்கம் கூடி, பணம் வசூலித்து, கொத்தனார் பிடித்து, அப்புறம்தான் வேலை. ஒரு ஓனர் தனியாக என்ன செய்வார்? "நீங்கள் அலட்சியம்" என்று எழுதுவது அவருக்கு அநியாயம்.

பெருங்குடி சைட் இன்ஜினியர்:
நடுவே வருவதற்கு மன்னிக்கவும். "மொட்டை மாடியைப் பராமரிக்காததால்" என்று காரணத்தை நீங்களே எழுதாதீர்கள். மேல்தளம் ஒழுகினால் தளவரிசை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. மழைநீர்க் குழாய் வாய் அடைத்து மாடியில் தண்ணீர் தேங்கியிருக்கலாம். அந்த அறைக்கு மேலே தண்ணீர்த் தொட்டி இருந்தால் அதன் குழாய் இணைப்பு கசியலாம். மழை விட்டு நல்ல வெயில் அடித்தும் கறை காயாமல் ஈரமாகவே இருந்தால் தொட்டிப் பக்கம் பாருங்கள். மழை வரும்போது மட்டும் ஊறினால் தளத்தைப் பாருங்கள். நீங்கள் ஒரு காரணம் எழுதி அது தப்பாகிப் போனால், மொத்தக் கடிதமும் தப்பு என்று ஒதுக்கிவிடுவார்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

கம்பி வெளியே தெரிகிறது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். இரும்பு துருப்பிடித்தால் பருக்கும், பருத்துச் சுற்றியிருக்கும் காங்கிரீட்டை உடைத்துத் தள்ளும். மேலே பூசி மெழுகி பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்கு இன்னும் பெரிய துண்டாக விழும். துருவைச் சுரண்டி எடுத்து, கம்பிக்குப் பாதுகாப்புப் பூச்சு கொடுத்து, அதற்கான கலவையால் அடைக்கணும். அதே நேரம், மழைக்காலத்தில் மாடி வேலையை யாரும் ஒழுங்காகச் செய்ய முடியாது. தளம் காயணும். தை பிறந்த பிறகுதான் அதற்குச் சரியான நேரம். இப்போது தொங்கிக்கொண்டிருக்கும் பூச்சைத் தட்டி எடுத்துவிட்டு, மாடிக்குத் தற்காலிகமாகத் தார்ப்பாய் போடச் சொல்லலாம்.

பாரிமுனை குமாஸ்தா:
இன்ஜினியர் தம்பி சொன்னது வழக்குக்கும் பொருந்தும். நங்கநல்லூர் சார் சங்கத்தைப் பற்றிச் சொன்னாரே, அதனால்தான் கடிதம் இன்னும் அவசியம் என்கிறேன். "குடித்தனக்காரர் போனில் சொன்னார்" என்று அந்த ஓனர் சங்கத்தில் போய் நின்றால் யார் மதிப்பார்கள்? தேதி போட்ட கடிதமும் படமும் கையில் இருந்தால் அவர் அங்கே அழுத்திக் கேட்க முடியும். ஓனருக்கும் அது ஆயுதம்தான்.

நங்கநல்லூர் மாடிவீடு:
அதை ஏற்கிறேன். எங்கள் தெருவிலேயே மேல்வீட்டுக் கசிவுக்குச் சங்கத்தை அசைக்க ஒருவர் படாத பாடு பட்டார். ஆனால் முதல் கடிதத்திலேயே சட்டப் பிரிவு எதையும் எழுதாதீர்கள். நாளைக்கே டு-லெட் போர்டு மாட்டுகிற ஓனர்களும் இருக்கிறார்கள்.

பாரிமுனை குமாஸ்தா:
முதல் கடிதத்தில் பிரிவு வேண்டாம், சரி. பதிலே வராவிட்டால் இரண்டாவதில் எழுதணும். ஓனர் செய்ய வேண்டிய பழுதை அவர் மறுத்தால், குடியிருப்பவர் செய்துவிட்டு வாடகையில் கழிக்கச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் கேட்டதும் அவர் மறுத்ததும் எழுத்தில் இல்லாமல் கழிக்கப் போகாதீர்கள். அதற்கும் மேல் போக வேண்டிவந்தால் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரி இருக்கிறார். உங்கள் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா, அவரிடம் பதிவாகியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பழைய பழக்கத்தில் பதினோரு மாத ஸ்டாம்ப் பேப்பரோடு நிறுத்திவிடுகிறார்கள். இந்தச் சட்டத்தில் பதிவு கட்டாயம்.

வேளச்சேரி குடித்தனம்:
எல்லோருக்கும் நன்றி. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறது, பதிவு செய்யவில்லை. அதை ஓனரிடம் தனியாகப் பேசுகிறேன். கடிதத்தை மாற்றி எழுதியிருக்கிறேன்:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தங்கள் வீட்டின் உள்ளறைக் கூரையில், வடகிழக்கு மூலையில், சென்ற வார மழையின்போது பூச்சு பெயர்ந்து விழுந்தது. அவ்விடத்தில் கம்பி துருப்பிடித்து வெளியே தெரிகிறது. சுற்றிலும் சுமார் மூன்று அடிக்கு ஈரக் கறை உள்ளது. படங்கள் இணைத்துள்ளேன். பாதுகாப்புக்காக அந்த அறையைப் பயன்படுத்தாமல் இருக்கிறோம். தாங்கள் கட்டட வேலை தெரிந்த ஒருவருடன் நேரில் வந்து பார்த்து, தளர்ந்த பூச்சை முதலில் அகற்ற ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். சங்கத்துக்குத் தெரிவிக்கத் தோதாக இன்னொரு நகலும் வைத்துள்ளேன். இம்மாத வாடகை தங்கள் கணக்கில் செலுத்தப்பட்டது. 15 நாளைக்குள் வேலையை முடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

நங்கநல்லூர் மாடிவீடு:
இந்தக் கடிதம் எனக்கு வந்தால் அன்றைக்கே கிளம்பி வருவேன். அந்தப் பதினைந்து நாள் மட்டும் உறுத்துகிறது. கார்த்திகை மழையில் யார் முடித்துத் தருவார்கள்?

பாரிமுனை குமாஸ்தா:
அந்த வரியை இப்படி மாற்றுங்கள்: "வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து பார்த்து, நிரந்தர வேலையை எப்போது தொடங்கலாம் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்." முடிக்கும் தேதியை அவரே எழுதட்டும். அவர் கைப்பட எழுதிய தேதி தவறினால் அதற்கு அவர்தான் பதில் சொல்லணும்.

வேளச்சேரி குடித்தனம்:
மாற்றிவிட்டேன். நங்கநல்லூர் சார் சொன்னபடி நானே மாம்பலம் போய்க் கையில் கொடுக்கிறேன். நகலில் கையெழுத்துப் போட்டுத் தந்தால் சரி. தயங்கினால் திங்கட்கிழமை காலை தபாலில் சேர்த்துவிடுகிறேன்.