புது லினக்ஸ் கணினியில் கணக்கும் கடவுச்சொல்லும்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

லாஸ்பேட்டைவாசி:
பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்தா என்றாலே போதும். மகள் பாரிஸிலிருந்து அனுப்பிய மடிக்கணினியில் பிரெஞ்சு விசைப்பலகை. நமக்கு க்யூ இருக்கும் இடத்தில் அதில் ஏ, ஏ இருக்கும் இடத்தில் க்யூ. கடைக்காரர் ஒருவர் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தார். விசைப்பலகை எது என்று கேட்ட திரையில் ஆங்கிலத்தை அப்படியே விட்டுவிட்டார். கடவுச்சொல்லை மட்டும் பெரியப்பாவே எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தார்: ஆங்கில எழுத்தில் 'கப்பல்'. இரண்டு முறையும் ஒரே மாதிரி விழுந்ததால் கணினியும் ஏற்றுக்கொண்டது.

பிறகு மகளுக்கு எழுதுவதற்காக அமைப்புகளுக்குள் போய்ப் பிரெஞ்சையும் சேர்த்து, அதற்கு மாறியிருக்கிறார். சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் திரை பூட்டிக்கொண்டது. என்னைக் கூப்பிட்டார். "என் கையால் வைத்ததடா, எனக்குத் தெரியாதா?" என்று ஒரே கோபம். கடவுச்சொல் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் கண் படத்தை அழுத்திப் பார்த்தேன். கே, ஏ, பி, பி, ஏ, எல். ஓர் எழுத்துப் பிசகவில்லை. என்டர் தட்டினால் தவறு என்கிறது. சரியான சொல் கண்ணெதிரே இருக்கும்போதே தவறு என்று வந்த அந்தத் திரையை என்னால் மறக்க முடியவில்லை.

மேல் மூலையில் பிரெஞ்சைக் குறிக்கும் எஃப்ஆர் என்ற எழுத்துகளைப் பார்த்த பிறகுதான் பொறி தட்டியது. ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு, அதே விசைகளை மறுபடி அடிக்கச் சொன்னேன். இந்த முறை கண் படத்தில் தெரிந்தது கே, க்யூ, பி, பி, க்யூ, எல். உடனே திறந்துவிட்டது. பெரியப்பாவுக்கு அதில் மகிழ்ச்சியே இல்லை. "அப்படியானால் நான் வைத்தது கப்பலே இல்லையா?" என்றார்.

மஞ்சக்குப்பம் தம்பி:
எங்கள் அலுவலகத்தில் கணக்கு எழுதும் அக்காவுக்குப் பழைய டெபியன் (இன்னொரு லினக்ஸ் வகை) போட்ட கணினி. டெபியன் நிறுவும்போது ரூட் என்ற, முழு அதிகாரம் கொண்ட நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். அதைக் காலியாக விட்டால் முதல் பயனருக்கு சூடோ உரிமை, அதாவது ரூட்டின் அதிகாரத்தோடு கட்டளை இடும் உரிமை, தானாகக் கிடைக்கும். ஏதாவது ஒன்றைப் போட்டுவிட்டால் கிடைக்காது. நிறுவிய பையன் போட்டுவிட்டுப் போயிருந்தான்.

அச்சு இயந்திரத்தைச் சேர்ப்பதற்காக அக்கா எங்கோ பார்த்த சூடோ கட்டளையை அடித்தார். கடவுச்சொல்லை அடிக்கும்போது ஒரு புள்ளிகூட விழாததால் விசைப்பலகை கெட்டுவிட்டது என்று எண்ணி ஒவ்வொரு விசையையும் அழுத்தி அழுத்திப் பார்த்தார். (கட்டளை அடிக்கும் டெர்மினல் சாளரத்தில் பெரும்பாலும் அப்படித்தான். மிண்ட் போன்ற சில லினக்ஸ் வகைகளில் நட்சத்திரக் குறி காட்டும்.) அதன் பிறகு ஆங்கிலத்தில் வந்த செய்தி: நீங்கள் சூடோயர்ஸ் கோப்பில் (சூடோ உரிமை உள்ளவர்களின் பட்டியல்) இல்லை, இந்தச் சம்பவம் தெரிவிக்கப்படும். அக்கா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், "யாருக்குத் தெரிவிக்கும் தம்பி, மேலாளருக்கா?" என்று கேட்டார். பதிவேட்டுக் கோப்பில் ஒரு வரி ஏறும், ரூட்டுக்கு ஓர் அஞ்சல் போகலாம், அவ்வளவுதான் என்று நான் சொன்னதை அவர் நம்பவே இல்லை. அந்த ரூட் கடவுச்சொல்லை வைத்த பையனோ வேலையை விட்டுத் திருப்பூர் போய்விட்டான்.

திருப்பாதிரிப்புலியூரான்:
முதலில் எழுதியவருக்கு: கடைக்காரர் மேல் என்ன பழி? ஒற்றைச் சொல்லைக் கடவுச்சொல்லாக வைத்ததுதான் தவறு. சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து வைக்க வேண்டும். எந்த விசைப்பலகை என்று முதலில் சோதித்துவிட்டுத்தான் அதையும் அடிக்க வேண்டும். நிறுவும் திரையிலேயே அதற்கு ஒரு சோதனைப் பெட்டி இருக்கிறது.

பயனர் பெயரைச் சிறிய ஆங்கில எழுத்தில் வையுங்கள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை கணக்கு. டெபியன், உபுண்டு வகைகளில் புதுக் கணக்குக்கு ஆட்யூசர் கட்டளை போதும், எல்லாவற்றையும் கேட்டுச் செய்யும். யூசர்ஆட் கட்டளை போட்டால், சிறிய எம் என்ற விருப்பக்குறியைச் சேர்க்காமல் ஹோம் கோப்புறைகூட (பயனரின் சொந்தக் கோப்புகள் இருக்கும் இடம்) வராது. யூசர்மோட் கட்டளையில் பெரிய ஜி கொடுத்து ஒருவரைக் குழுவில் சேர்க்கும்போது சிறிய ஏ விட்டுப்போனால், அவர் ஏற்கெனவே இருந்த மற்றக் குழுக்களிலிருந்து நீக்கப்படுவார். சூடோ உரிமையும் அதில் போகலாம். பாஸ்வேர்டு என்பதைச் சுருக்கிப் பெயர் வைத்த, கணக்குகளின் பட்டியல் இருக்கும் கோப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று பயப்படுகிறார்கள். உண்மையான கடவுச்சொல்லின் மறைவடிவம் ஷாடோ கோப்பில்தான் இருக்கிறது, அதைச் சாதாரணப் பயனர் திறக்க முடியாது.

என் அனுபவமா? தங்கை வீட்டில் எல்லோருக்கும் ஒரே கணக்கு. சின்னவன் தன் அக்காவின் திட்டக் கட்டுரையை அழித்துவிட்டான்.

முதுநகர்க்காரன்:
அறிவுரை யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் நன்றி.

அப்பா கடவுச்சொல்லை மறந்துவிட்டார். பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவன் வந்து, கணினியை மறுபடி தொடங்கி, தொடக்கத்தில் வரும் கிரப் என்ற பட்டியலில் மீட்பு முறைக்குள் போனான். கறுப்புத் திரை. பாஸ்வேர்டு மாற்றும் கட்டளையோடு அப்பாவின் பயனர் பெயரை அடித்தான். முதலில் பிழை. வட்டு படிக்க மட்டும் என்ற நிலையில் இருக்கிறது என்று, எழுதும் நிலைக்கு மாற்றிவிட்டு மறுபடி அடித்தான். புதியதைக் கேட்டது, வைத்தான், முடிந்தது.

அப்பா நன்றிகூடச் சொல்லவில்லை. "பழையதை அது கேட்கவே இல்லையே" என்றார். "யார் வந்து உட்கார்ந்தாலும் மாற்றலாம் என்றால் இத்தனை வருடமாக நான் எதற்காகத் தட்டிக்கொண்டிருந்தேன்?" பையன் வாயைத் திறக்கவில்லை. போதாக்குறைக்கு, உள்ளே போனதும் சாவிக்கொத்து என்று ஒரு சாளரம் வந்து அதே பழைய கடவுச்சொல்லைக் கேட்டது. உலாவியில் சேமித்து வைத்திருந்த கடவுச்சொற்களைத் திறக்கும் சாவி அதற்குள். அதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று.

திருப்பாதிரிப்புலியூரான்:
அதற்குத்தான் நிறுவும்போதே முழு வட்டையும் மறையாக்கம் செய்ய வேண்டும் என்கிறேன். பிறகு மீட்பு முறைக்குள் போனாலும் வட்டின் கடவுத்தொடர் இல்லாமல் ஒன்றும் படிக்க முடியாது.

முதுநகர்க்காரன்:
அந்தக் கடவுத்தொடரை மறந்தால்?

திருப்பாதிரிப்புலியூரான்:
மாற்றுப் பிரதி இல்லாவிட்டால் போனது போனதுதான்.

முதுநகர்க்காரன்:
அப்படியானால் எங்கள் வீட்டுக்கு வேண்டாம்.