கடா முக்கி முக்கி நிக்கிது, ஒண்டும் திங்குதில்ல. அவசரம், தெரிஞ்சவங்க செல்லுங்க

வெல்லம்பிட்டி ஆட்டுக்கூடு | வெள்ளி இரவு 9.42
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் எல்லாருக்கும். எங்க ஆடு ஒண்டு காலைலருந்து வாய்ல ஒண்டும் வெக்குதில்ல, முதுகை வளைச்சு முக்கிக்கிட்டே நிக்கிது, வாலை ஆட்டுது, இடைக்கிடை ஒரு மாதிரி கத்துது. வயிறு கட்டிட்டுன்னு நெனச்சு தேங்காண்ணெ அரைக் கப் பருக்கினேன், ஒரு வித்தியாசமும் இல்ல. புண்ணாக்கு விலை கூடினதால ரெண்டு மாசமா வேற சாப்பாடுதான் குடுக்கிற, மத்த ரெண்டும் அதே சாப்பாடுதான், அதுகள் நல்லா ஈக்கி. என்ன மருந்து குடுக்கிற? ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நிய்யத் வெச்சு வளர்க்கிற ஆடு, புள்ளைகள் அழுவுறாங்க.

அவிசாவளை பால்மாடு | 9.50
தம்பி, வேற சாப்பாடுன்னா என்ன சாப்பாடு? எவ்வளவு? வயசு என்ன? புழுக்கை போடுதா இல்லையா? இடது பக்கம் வயிறு உப்பி இருக்கா? இதெல்லாம் சொல்லாம யாரும் மருந்து சொல்ல ஏலாது.

ஹங்வெல்ல தீவனக்கடை | 9.58
சாப்பாட்டை மாத்தினீங்கன்னு சொன்ன உடனே விளங்கிட்டு, இது வயிறு புளிச்சது. சோறு, பாண், மா, இப்படி ஏதாச்சும் கூட போட்டிருப்பீங்க. மாவுச்சத்து கூடினா ஆட்டுட பெரிய வயித்துல அமிலம் கூடி, அசை போடுறது நின்னுடும். என்கிட்ட வாற பத்துப் பேர்ல பாதிப்பேரு இதே கதைதான். அப்பச்சோடா 20 கிராம் தண்ணில கரைச்சு மெதுவா பருக்குங்க, தலையை ரொம்பத் தூக்க வேணாம், நுரையீரலுக்குப் போய்டும். ரெண்டு நாளைக்கு காஞ்ச புல்லு மட்டும்.

மட்டக்குளி மகன் | 10.01
பூச்சி மருந்து கடைசியா எப்ப குடுத்தீங்க? எங்க ஆட்டுக்கும் இப்படித்தான் வந்திச்சு, பூச்சி.

வெல்லம்பிட்டி ஆட்டுக்கூடு | 10.09
பாணும் தவிடும் தான். பக்கத்து பேக்கரில மிஞ்சின பாண் தாறாங்க, ஒரு ஆட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு றாத்தல் பாண், ரெண்டு சுண்டு அரிசித் தவிடு, பலா இலை கிடைச்சா போடுவேன், மழைக்கு ஒரு கிழமையா இலை வெட்டப் போகல. புழுக்கை காலைல கொஞ்சம் போட்டிச்சு. வயிறு பெருசா உப்பல்ல. பூச்சி மருந்து ரெண்டு மாசத்துக்கு முந்தி.

முப்பது வருச அனுபவம் | 10.15
இதைத்தான் நான் இந்தக் குழுவுல நாலு தரமாச்சும் எழுதியிருக்கிறேன், யாரும் வாசிக்கிறதில்லை. ஆடு மனுசன் இல்லை, பாண் சாப்பிட. ஆடு இலை தின்கிற பிராணி. கொழும்புல மூணு பர்ச்சஸ் காணிக்குள்ள கூடு அடிச்சிட்டு, பேக்கரி மிச்சத்தைப் போட்டு வளர்த்தா இப்படித்தான் வரும். முதல்ல படிச்சிட்டு ஆடு வாங்கணும். புளிச்சது என்றும் வேண்டாம், பூச்சி என்றும் வேண்டாம், இது துள்ளுமாரி, குடல்ல நஞ்சு கூடுற நோய், தொடங்குற அறிகுறி. தடுப்பூசி போட்டீங்களா என்று யாராவது கேட்டீங்களா?

வடமராட்சி வெள்ளாடு | 10.22
அண்ணை, துள்ளுமாரி எண்டால் அனேகமா விடியப் பார்க்க ஆடு செத்துக் கிடக்கும், இது காலமையிலயிருந்து நிண்டு முக்குது எண்டு அவர் சொல்லுறார். பேசுறதை பிறகு பேசுவம், முதல்ல ஆட்டைப் பார்ப்பம். பாண் போடுறது பிழை எண்டு எனக்குத் தெரியும், ஆனா கொழும்பில இருக்கிறவைக்கு என்ன வழி? எங்கட பக்கம் வேலியில பூவரசு, கிளுவை, சீமைக்கிளுவை நிக்குது, வெட்டிப் போட்டாச் சரி. அங்க மதிலெல்லோ இருக்கு.

கந்தானை புல்லுக்கட்டு | 10.30
நீங்க சொன்ன சீமைக்கிளுவை, அதான் கிளிரிசிடியா, கொழும்பைச் சுத்தியும் தாராளமா இருக்கு, யாரும் வெட்டுறதில்ல. தேயிலை, ரப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிர்னு அரசாங்கமே அறிவிச்ச மரம். இலைல புரதம் காஞ்ச கணக்குல 20 வீதத்துக்கு மேல. மணத்துக்கு முதல்ல ஆடு திங்காது, ஒரு நாள் வாட விட்டுக் குடுங்க, நாலஞ்சு நாள்ல பழகிடும். இபில் இபில் மரத்து இலையும் நல்லது.

முப்பது வருச அனுபவம் | 10.34
இபில் இபில் கூடப் போட்டா மயிர் கொட்டும். மிமோசின் என்ற நஞ்சு இருக்கு. தெரியாதவங்க எழுதக் கூடாது.

கந்தானை புல்லுக்கட்டு | 10.41
தெரிஞ்சுதான் எழுதுறேன். மொத்தத் தீவனத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல போடாம இருந்தா ஒண்டும் ஆகாது. அந்த நஞ்சை உடைக்கிற பக்டீரியாவை ஆஸ்திரேலியாக்காரர் ரேமண்ட் ஜோன்ஸ் ஹவாய் தீவு ஆடுகள்ட வயித்துலதான் கண்டுபிடிச்சார், அதுக்கு அவர் பேரையே வெச்சிருக்கு. எங்க ஆடுகளுக்கு மூணு வருசமா குடுக்கிறேன், மயிர் பளபளன்னு இருக்கு.

கொலன்னாவ கறவை | 10.44
பியர் கம்பனில வாற மால்ட் சக்கை ட்ரை பண்ணிப் பாருங்க நானா. பாணை விட எவ்வளவோ மேல், புரதம் கூட, மாவு குறைவு, எங்க மாட்டுக்கு பால் கூடிச்சு.

வாழைத்தோட்டம் | 10.47
குர்பானுக்கு வளர்க்கிற ஆட்டுக்கு பியர் சக்கையா? கொஞ்சம் யோசிச்சு எழுதுங்க.

கொலன்னாவ கறவை | 10.52
யோசிச்சுத்தான் எழுதினேன் நானா. பார்லியை சுடுதண்ணில ஊறப் போட்டு இனிப்புச் சாறை வடிச்சு எடுத்த பிறகுதான் அதுக்கு ஈஸ்ட் போடுவாங்க. நமக்கு வாறது வடிச்ச சக்கை, அதுல இன்னும் மது ஆகவே இல்ல.

வாழைத்தோட்டம் | 10.55
சாறுல மது இல்லன்னு நீங்க செல்றீங்க, ஆனா அந்தச் சக்கையை ரெண்டு நாள் வெச்சா அதுவே புளிச்சிப் போகும்தானே. பள்ளில ஆலிம்கிட்ட கேட்டுட்டுக் குடுக்கிறதுதான் மனசுக்கு நல்லம். குர்பான் விசயத்துல எனக்கு சந்தேகத்தோட ஒண்டும் செய்ய விருப்பமில்ல.

அவிசாவளை பால்மாடு | 10.58
அது சரிதான், ஈரச் சக்கைல முக்கால்வாசிக்கு மேல தண்ணி, கொழும்பு வெயிலுக்கு ரெண்டு மூணு நாளைக்கு மேல நிக்காது. ஆலிமைக் கேளுங்க, அதோட மோந்தும் பாருங்க. எங்க போனான் இந்தத் தம்பி?

தெமட்டகொட ரெண்டு ஆடு | 11.02
எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க. வெல்லம்பிட்டி தம்பி, ஒரே ஒரு கேள்விக்கு பதில் சொல்லுங்க. தலைப்புல கடான்னு போட்டிருக்கீங்க. காயடிச்சதா? கடைசியா மூத்திரம் பெஞ்சதை எப்ப கண்டீங்க? பெஞ்சிச்சான்னு கேக்கல, நீங்க கண்ணால எப்ப கண்டீங்கன்னு கேக்கிறேன்.

ஹங்வெல்ல தீவனக்கடை | 11.05
அப்பச்சோடா குடுத்தாச்சா இல்லையா? அதைச் சொல்லுங்க முதல்ல.

வெல்லம்பிட்டி ஆட்டுக்கூடு | 11.19
ஓம் காயடிச்சது, மூணு மாசக் குட்டியா ஈக்கக்குள்ள. இப்ப 14 மாசம். மத்த ரெண்டும் பொட்டை. மூத்திரம் நான் கவனிக்கல்ல... இப்ப டோர்ச் அடிச்சு பத்து நிமிசம் பாத்துக்கிட்டு ஈந்தேன், முக்குது, முக்கி ரெண்டு சொட்டுதான் விழுந்திச்சு. நுனில மயிர்ல மணல் மாதிரி வெள்ளையா ஒட்டி ஈக்கி. அப்பச்சோடா இன்னும் குடுக்கல்ல.

தெமட்டகொட ரெண்டு ஆடு | 11.31
குடுக்காதீங்க. அப்பச்சோடா மூத்திரத்தை இன்னும் காரமாக்கும், அதுல கல் இன்னும் கூடும். இது மலச்சிக்கல் இல்ல தம்பி, மூத்திரத்துல கல் அடைச்சிருக்கு. முக்குறதைப் பாத்தா எல்லாரும் மலம் கட்டினதுன்னுதான் நெனைப்பாங்க, நானும் போன வருசம் அப்படி நெனச்சு ஒரு நாள் முழுக்க எண்ணெய் பருக்கிட்டு இருந்தேன், அந்த ஆடு போச்சு, அதனாலதான் இவ்வளவு அவசரமா எழுதுறேன். ஆண் ஆட்டுக்கு மூத்திரக் குழாய் நீளம், உள்ள எஸ் மாதிரி ஒரு வளைவு இருக்கு, நுனில புழு மாதிரி மெல்லிசா ஒரு துண்டு தொங்கும், கல் முதல்ல அந்தத் துண்டுலதான் மாட்டும், அடுத்தது வளைவுல. சின்னதுலயே காயடிச்சா குழாய் இன்னும் ஒடுக்கமா நின்னுடும். பொட்டைக்கு குழாய் கட்டை, அகலம், அதுதான் அதே சாப்பாடு திண்ட ரெண்டும் நல்லா இருக்கு.

இப்ப சாப்பாட்டுக்கு வாறேன். அரிசித் தவிட்டுல பொசுபரசு ஒண்டரை வீதம் அளவுல இருக்கு, கல்சியம் அதுல பத்துல ஒண்டு கூட இல்ல. ஆட்டுக்கு கல்சியம் ரெண்டு பங்கு, பொசுபரசு ஒரு பங்குன்னு இருக்கணும். உங்க ஆட்டுக்கு ரெண்டு மாசமா அது தலைகீழா போயிருக்கு. பாணும் தானியம்தான், அதே பக்கம்தான் இழுக்கும். இலைலதான் கல்சியம் கூட, அதையும் ஒரு கிழமையா நிப்பாட்டிட்டீங்க. இலையை நல்லா மெண்டு அசை போட்டா எச்சில் கூட ஊறும், மிச்சப் பொசுபரசு அந்த எச்சிலோட குடலுக்குப் போய் புழுக்கையில வெளியேறும். பாணுக்கு என்ன அசை? அப்ப அது மூத்திரத்துலதான் இறங்கி மணலாகும். மழைக்குளிர்ல ஆடு தண்ணியும் குறைவாத்தான் குடிச்சிருக்கும்.

இண்டைக்கு ராவே மிருக வைத்தியரைத் தேடுங்க, விடியட்டும்னு நிக்க வேணாம். பலவந்தமா தண்ணி பருக்க வேணாம், மூத்திரம் போக வைக்கிற மருந்து எதுவும் குடுக்க வேணாம், போக வழி இல்லாம பை நிறைஞ்சா வெடிக்கும். வெடிச்சா ஆடு கொஞ்ச நேரம் நோ குறைஞ்ச மாதிரி அமைதியா நிக்கும், சுகமாயிட்டுன்னு ஏமாறாதீங்க. நுனித் துண்டை வைத்தியர் வெட்டினா பலதுக்கு உடனே போகும். நீங்களே பிளேட் எடுக்காதீங்க.

மட்டக்குளி மகன் | 11.36
தனியார் வைத்தியர் ஒருத்தர் ராவுலயும் வருவார், நம்பர் உள்பெட்டில அனுப்பிட்டேன், பாருங்க நானா.

ஹங்வெல்ல தீவனக்கடை | 11.40
மூத்திரத்தை நான் கேக்கல்ல, அது என் பிழை. ஆனா பாண்ல வயிறு புளிக்கும்னு நான் சொன்னது பொய் இல்ல.

கொலன்னாவ கறவை | 11.44
அப்ப மால்ட் சக்கைக்கு மாத்தினா கல் வராதா?

தெமட்டகொட ரெண்டு ஆடு | 11.49
அதுலயும் கல்சியத்தை விட பொசுபரசுதான் கூட. கறக்கிற பசுவுக்கு நல்ல சாமான், காயடிச்ச கடாவுக்கு கை காவலாத்தான் போடணும், சுண்ணாம்புத் தூளும் உப்பும் சேத்து.

முப்பது வருச அனுபவம் | 11.55
நான் முதலே சொன்னேன், பாண் கூடாது என்று.

வடமராட்சி வெள்ளாடு | 11.57
அண்ணை, நீங்கள் துள்ளுமாரி எண்டெல்லோ சொன்னனீங்கள். சரி விடுங்கோ. தம்பி, வைத்தியர் வந்தவரோ? ஒரு வரி போடுங்கோ, நித்திரை வராது.

அவிசாவளை பால்மாடு | சனி காலை 6.20
தம்பி, என்னாச்சு?

கந்தானை புல்லுக்கட்டு | சனி மதியம் 1.05
பதில் இல்லாததைப் பாத்தா மனசு ஒரு மாதிரி இருக்கு. இதைப் பாக்கிற மத்த ஆக்களுக்கும் சொல்றேன், பேலியகொட மரக்கறிச் சந்தைல கழிவு இலை எடுக்கிறவங்க ரப்பர் பேண்ட், பொலித்தீன் இருக்கான்னு ஒண்ணொண்ணா பாத்துப் போடுங்க, அது வயித்துக்குள்ள போனா வெளிய வராது. பூஞ்சணம் புடிச்ச பாண் எந்த மிருகத்துக்கும் வேணாம்.

வெல்லம்பிட்டி ஆட்டுக்கூடு | ஞாயிறு இரவு 8.15
மன்னிச்சுக்கோங்க, ரெண்டு நாளா போன் பாக்கல்ல. வைத்தியர் ராவு ஒண்டரைக்கு வந்தார். நுனித் துண்டுல மூணு கல், வெட்டினார், நிண்ட இடத்திலயே ஒரு வாளி மாதிரி பெஞ்சிச்சு. நேத்து திருப்பிக் கொஞ்சம் அடைச்சு, குழாய் போட்டுக் கழுவினார். இண்டைக்கு பலா இலை திண்டிச்சு. இன்னும் கல் ஈக்கலாம்னு செல்றார், பெருநாள் மட்டும் நிக்குமான்னு தெரியாது. அமோனியம் குளோரைட்டுன்னு ஒண்டு எழுதித் தந்தார், அது எங்க எடுக்கிற? மத்த ரெண்டுக்கும் பாணை நிப்பாட்டியாச்சு. தெமட்டகொட நானாக்கு ஜஸாகல்லாஹு கைர்.

தெமட்டகொட ரெண்டு ஆடு | ஞாயிறு 8.40
அல்ஹம்துலில்லாஹ். நானா இல்ல, தாத்தா, நான் பொம்பளை. வைத்தியர்ட துண்டைக் கொண்டு போய் மிருக மருந்துக் கடைல கேளுங்க, அவர் எழுதின அளவை விட ஒரு துளி கூட வேணாம். அது மூத்திரத்தைப் புளிப்பாக்கி மணலைக் கரைக்கும், ஆனா கசப்பு, சீனிப்பாணில கலந்தாத்தான் திங்கும். தண்ணி ரெண்டு இடத்துல வைங்க, சுத்தமா, மழை நாள்ல கொஞ்சம் சூடாக்கி. உப்புக் கட்டி தொங்க விடுங்க. நக்கட்டும், தண்ணி குடிக்கட்டும். தவிட்டை ஒரு கைப்பிடிக்கு குறைங்க. நாளைக்கு பொழுதுபட முந்தி எத்தனை தரம் பெஞ்சதுன்னு எண்ணி எழுதுங்க.