தீவிரப்போக்கு ஆய்வு வினாத்தாள்: தமிழைச் சரிபார்க்க ஆட்கள் தேவை

வணக்கம். உளவியலாளர்கள் மொஸ்கலென்கோ, மெக்காலி இருவரும் 2009-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட அளவுகோலை, அதாவது கேள்வித் தொகுப்பை, தமிழாக்கி, சென்னையில் கள ஆய்வுக்குத் தயார் செய்கிறோம். அரசியலில் சட்டத்துக்கு உட்பட்டுச் செயல்பட முன்வருவதையும், சட்டத்தை மீறத் துணிவதையும் அது தனித்தனியாக அளக்கிறது. இடறுவது ‘போராட்டம்’ என்ற சொல்லில்தான். உண்ணாவிரதமும் போராட்டம், பஸ் கண்ணாடியை உடைப்பதும் போராட்டம். இரண்டு அளவும் கலந்துவிடும். ‘தீவிரவாதம்’ என்று போட்டாலோ பதில் சொல்பவர் பேனாவை மூடிவிடுவார்.

தமிழிலிருந்து திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றித் தர இருவர் வேண்டும். ஆங்கில மூலத்தை அவர்கள் பார்த்திருக்கக் கூடாது. பார்த்தவர் தன்னையறியாமல் நம் பிழையைத் திருத்திவிடுவார். திருவல்லிக்கேணி, வியாசர்பாடி, மயிலாப்பூரிலிருந்து பத்துப் பேர் ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து, என்ன புரிந்தது என்று தங்கள் சொற்களில் சொன்னால் பேருதவி. பெயர், செல்பேசி எண், கட்சி எதையும் குறிக்க மாட்டோம். முடிந்தவர்கள் தனிச்செய்தி அனுப்புங்கள்.