எக்ஸ்எம்எல்-இன்டூ: மூதூர் ஓடர் மட்டும் ஏறுகிறது, மற்றதெல்லாம் 353

உப்புவெளியான்:
திருகோணமலையில் ஒரு கட்டடப் பொருள் மொத்த வியாபாரத்தில் ஐபிஎம் கணினிகளுக்கான ஆர்பிஜி மொழியில் நிரல் எழுதுகிறேன். கடைகளின் ஓடர்கள் எக்ஸ்எம்எல் கோப்பாக, அதாவது ஒவ்வொரு விவரத்தையும் பெயரிட்ட டேக்குகளுக்குள் வைத்த கோப்பாக, வருகின்றன; அதை நேரே நிரலின் புலங்களில் ஏற்றும் எக்ஸ்எம்எல்-இன்டூ கட்டளையைப் போட்டு வாசிக்கிறேன். முதலில் 351 என்ற பிழை வந்தது, எக்ஸ்எம்எல்லைப் படிக்க முடியவில்லை என்று. டொக்=பைல் எழுத மறந்துவிட்டேன்; கோப்பு இருக்கும் இடத்தின் பெயரையே எக்ஸ்எம்எல் என்று எண்ணி வாசித்திருக்கிறது! அதைத் திருத்தியாயிற்று. இப்போது 353, கோப்பில் இருப்பதும் நான் வைத்த புலங்களும் பொருந்தவில்லை என்று. மூதூர் ஓடர் மட்டும் ஏறுகிறது. கிண்ணியா, குச்சவெளி இரண்டும் விழுகின்றன. டேக் பெயர்கள் எல்லாவற்றிலும் ஒன்றுதான். இரண்டு இரவு போய்விட்டது.

கணக்குப்பிள்ளை:
டேக்கில் பெரிய எழுத்து இருக்கிறதா? கேஸ்=எனி போடாவிட்டால் எல்லாம் சின்ன எழுத்தென்றே எடுத்துக்கொள்ளும்.

உப்புவெளியான்:
போட்டிருக்கிறேன் அண்ணா. இல்லாவிட்டால் மூதூரும் விழுந்திருக்குமே.

நிலாவெளி அக்கா:
தம்பி, மூதூர் ஓடரில் எத்தனை சாமான்? அவற்றை வரிசையாக வைக்கும் உங்கள் அரே எவ்வளவு?

உப்புவெளியான்:
எண்ணினேன். 20. அரேயும் டிம்(20), அதாவது 20 இடம். கிண்ணியாவில் 7. குச்சவெளியில் சீமெந்து, கம்பி, ஆணி, மூன்றே மூன்று. ஐயோ.

நிலாவெளி அக்கா:
அதேதான். 20 இடம் வைத்தால் 20 சாமானும் வந்தாக வேண்டும் என்று நிற்கும். குறைந்தாலும் பரவாயில்லை என்று சொல்லும் அலவ்மிஸ்ஸிங்=யெஸ் போட்டால் உடனே ஓடும், பலரும் அதைத்தான் செய்வார்கள். நான் போட மாட்டேன். நாளைக்கு விலையே இல்லாத சாமான் வந்தாலும் அது வாய் திறக்காமல் ஏற்றிவிடும், பிறகு பில்லில் பூச்சியம் நிற்கும்.

கவுண்ட்பிரிபிக்ஸ்=நம்_ என்று கொடுங்கள். டேட்டா ஸ்ட்ரக்சரில் (புலங்களின் தொகுப்பில்) ஐட்டம் அரேக்குப் பக்கத்தில் நம்_ஐட்டம் என்று ஒரு முழு எண் புலம் வையுங்கள். எத்தனை வந்ததோ அந்த எண்ணிக்கை அதில் வந்து உட்காரும். லூப்பை அதுவரை மட்டும் ஓட்டுங்கள். டிம்மைத் தாராளமாக 200 ஆக்குங்கள். 20ஆகவே விட்டால், மூதூர்க்காரர் 21ஆவது சாமான் கேட்டாலும் இதே 353தான்.

கணக்குப்பிள்ளை:
எக்ஸ்எம்எல்-சாக்ஸ் போட்டால் இந்த எண்ணிக்கைத் தொல்லையே இல்லையே? 2006இல் ஐபிஎம்மின் வி5ஆர்4 பதிப்பு வந்தபோது இரண்டும் சேர்ந்துதானே வந்தன.

நிலாவெளி அக்கா:
அதில் ஒவ்வொரு டேக் திறப்பையும் மூடலையும் நீங்களே பிடித்து எழுத வேண்டும். மூன்று ஆணி ஓடருக்கு அவ்வளவு தேவையா?

உப்புவெளியான்:
மாற்றினேன் அக்கா. குச்சவெளி ஏறிவிட்டது, நம்_ஐட்டம் 3. கிண்ணியா மட்டும் இன்னும் 353. திறந்து பார்த்தால் ஐந்தாவது சாமானுக்கு விலை டேக்கே இல்லை. கடைக்குப் போன் போட்டிருக்கிறேன், எடுக்கிறார்கள் இல்லை.