வகுப்பில் பாட்காஸ்ட் போட்டால் முன்வரிசை மட்டும்தான் கேட்கிறது. என்ன செய்யலாம்?

கேள்வி: அறிவியல் ஆசிரியை, ஏழாம் வகுப்பு

எல்லாருக்கும் வணக்கம். பாடப்புத்தகம் இரண்டு பத்தியில் முடித்துவிடும் விஷயங்களைச் சில பாட்காஸ்ட்டுகள் அவ்வளவு அழகாகச் சொல்கின்றன. அதனால் வகுப்பிலும் போட்டுக் காட்டுகிறேன். கடைசியாகப் போட்டது தேனீக்களின் நடனம் பற்றிய எபிசோடு. பூ இருக்கும் திசையையும் தூரத்தையும் ஒரு தேனீ மற்ற தேனீக்களுக்கு எப்படித் தெரிவிக்கிறது, ஆஸ்திரிய விலங்கியலாளர் கார்ல் ஃபான் ஃபிரிஷ் அதை எப்படிக் கண்டுபிடித்தார், 1973-இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசு என்று எல்லாம் 24 நிமிடத்தில் வந்துவிடுகிறது.

முதல் ஐந்து நிமிடம் வகுப்பு அமைதியாக இருந்தது. அப்புறம் பின்வரிசை நெளியத் தொடங்கியது. பாதியில் யாரோ பேனா மூடியைத் தட்ட ஆரம்பித்தார்கள். முடிந்ததும் கேள்வி கேட்டால் முதல் இரண்டு வரிசையிலிருந்துதான் பதில் வந்தது. மற்றவர்களுக்கு 'தேனீ ஆடும்' என்பதைத் தாண்டி ஒன்றும் மனதில் நிற்கவில்லை.

என்னிடம் இருப்பது ஒரு போன், மேசைமேல் வைக்கும் ஒரு ஸ்பீக்கர், இரண்டையும் இணைக்கும் ஆக்ஸ் கேபிள். நாற்பது பிள்ளைகள், நீளமான அறை, வெறும் சுவர், மேலே மின்விசிறிகள். ஒரு விஷயம்தான் புரியவில்லை. தொடக்க இசை கணீரென்று வருகிறது. பேச்சு வந்ததும் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல இருக்கிறது. சத்தத்தைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடுகிறது.

இது கருவிக் கோளாறா, நான் நடத்தும் விதமா? எத்தனை நிமிடம் போடலாம்? பேச்சின் எழுத்து வடிவத்தை முதலிலேயே கையில் கொடுத்துவிடலாமா? பாட்காஸ்ட்டைக் கைவிட மனமில்லை, வழி சொல்லுங்கள்.

பதில்: ஒலிப்பதிவு வேலை செய்பவர்

டீச்சர், இசை நன்றாக இருக்கிறது, பேச்சு மட்டும் கிணறு என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேயே தெரிகிறது. பிள்ளைகளின் கவனத்தைப் பற்றி யோசிக்கும் முன் கேபிளைப் பாருங்கள்.

பெரும்பாலான பாட்காஸ்ட்டில் பேச்சு இடது, வலது இரண்டு பக்கமும் ஒரே அளவில் பதிவாகியிருக்கும். இசை அப்படியில்லை, இரண்டு பக்கமும் கொஞ்சம் வேறுபடும். கேபிளின் முனையில் போனில் செருகும் உலோகப் பின்னில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒரு தரை இணைப்பு உண்டு. அந்தப் பின் முழுசாக உள்ளே போகாமல் அந்த இணைப்பு விட்டுப்போனால், ஸ்பீக்கருக்குப் போவது இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான். இரண்டிலும் சமமாக இருக்கும் பேச்சு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். இசை மிஞ்சும்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். போன் அமைப்புகளில் அணுகல்தன்மை பகுதிக்குப் போய் இடது, வலது இரண்டையும் ஒன்றாகக் கலந்து தரும் மோனோ ஆடியோவை ஆன் செய்யுங்கள். ஒலி கிட்டத்தட்ட முழுவதும் செத்துப்போனால் தரை இணைப்புதான் காரணம். போனின் தடிமனான உறையைக் கழற்றிவிட்டுப் பின்னை அழுத்திச் செருகுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் கேபிளை மாற்றுங்கள். சரியான பிறகும் மோனோவை ஆனிலேயே விடுங்கள். சில நேர்காணல்களில் கேட்பவர் ஒரு பக்கம், சொல்பவர் மறுபக்கம் என்று பதிவாகியிருக்கும். ஒற்றை ஸ்பீக்கரில் ஒருவர் குரல் காணாமல் போகாமலிருக்க அதுதான் வழி.

அடுத்தது அறை. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். அறைக்குள் அவ்வளவு குறையாது, ஆனால் பின்வரிசைக்கு ஸ்பீக்கரின் ஒலியைவிடச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலிதான் அதிகம் போய்ச் சேரும். உயிர் ஒலிகள் பலமானவை, எப்படியும் கேட்டுவிடும். சொல்லைச் சொல்லாக்கும் மெல்லிய மெய்யொலிகள் எதிரொலியிலும் விசிறிச் சத்தத்திலும் மூழ்கிவிடும். சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்து கூடும் என்பதால் அதில் பலனில்லை. ஸ்பீக்கரை ஆசிரியர் மேசையிலிருந்து எடுத்து, அறையின் நடுவில், உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் காது உயரத்துக்கு வையுங்கள். 'பேஸ்' எனும் தாழ்ந்த ஒலிகளைக் கூட்டும் அமைப்பு இருந்தால் அணையுங்கள். கேட்கிற சில நிமிடம் மட்டும் விசிறியின் வேகத்தைக் குறையுங்கள். அப்புறம் கடைசி பெஞ்சில் நீங்களே போய் உட்கார்ந்து கேளுங்கள். அங்கே உங்களுக்குப் புரிந்தால்தான் பிள்ளைகளுக்கும் புரியும்.

பதில்: மொழி ஆசிரியர், கேட்டல் பயிற்சி தருபவர்

மேலே சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். கவனமில்லை என்று நாம் நினைக்கிற பல பிள்ளைகளுக்கு உண்மையில் காதில் சரியாக விழுவதில்லை.

ஆனால் ஒலி சரியான பிறகும் 24 நிமிடத்தை ஒரே மூச்சில் போடாதீர்கள். படிக்கும்போது புரியாவிட்டால் கண் பின்னால் போய் மறுபடி படித்துக்கொள்ளும். கேட்பதில் அந்த வசதி இல்லை. சொன்ன வாக்கியம் போய்விட்டது, அடுத்தது வந்துகொண்டே இருக்கிறது. ஜான் ஸ்வெல்லர் போன்ற கல்வி உளவியலாளர்கள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். நீண்ட, சிக்கலான விளக்கத்தைக் காதால் மட்டும் கேட்கும்போது முந்தியதை நினைவில் வைத்துக்கொள்வதற்கே சக்தி செலவாகிவிடுகிறது, புரிந்துகொள்ள மிச்சமிருப்பதில்லை.

உங்கள் தேனீ எபிசோடையே எடுத்துக்கொள்வோம். நான் என்றால் அதில் நடனத்தை விளக்கும் மூன்று, நான்கு நிமிடத்தை மட்டும் எடுப்பேன். போடும் முன் கரும்பலகையில் ஒரே கேள்வி: 'கூட்டுக்குள் இருட்டு. அங்கே நின்றுகொண்டு தேனீ எப்படித் திசை காட்டும்?' பதிலை ஊகித்து எழுதச் சொல்வேன். ஊகம் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, ஊகித்த பிள்ளை விடைக்காகக் காத்திருக்கும். பிறகு போடுவேன். செங்குத்தான தேனடையில் நேர் மேலே ஆடினால் சூரியன் இருக்கும் பக்கம் என்று பொருள், எவ்வளவு கோணம் சாய்கிறதோ அவ்வளவு கோணம் சூரியனிலிருந்து விலகிப் போக வேண்டும் என்று வரும் இடத்தில் நிறுத்திவிடுவேன். 'வலப்பக்கம் 40 பாகை சாய்ந்து ஆடுகிறது. பூ எங்கே? வரையுங்கள்.' வரைந்ததைப் பக்கத்துப் பிள்ளையிடம் காட்டச் சொல்லி, அதே பகுதியை இரண்டாம் முறை போடுவேன். இரண்டாவது முறை கேட்கும்போதுதான் நாற்பது தலையும் ஸ்பீக்கர் பக்கம் திரும்பும், ஏனென்றால் இப்போது அவரவர் படம் சரியா என்று தெரிய வேண்டும். தூரத்துக்கு நீண்ட நேரம் ஆடினால் நீண்ட தூரம் என்ற செய்தியை அடுத்த பகுதிக்கு வைத்துக்கொள்ளலாம்.

எழுத்து வடிவத்தை முதலிலேயே கொடுத்தால் கண் முன்னே ஓடிவிடும், காது சும்மா இருக்கும். இரண்டாம் முறைக்குப் பிறகு கொடுங்கள். செவித்திறன் குறைந்த பிள்ளைக்கும் பாட்காஸ்ட்டின் மொழியை இப்போதுதான் கற்றுவரும் பிள்ளைக்கும் இது பொருந்தாது. அவர்களுக்குத் தொடக்கத்திலேயே, முடிந்தால் முந்தின நாளே கொடுத்துவிட வேண்டும்.

பதில்: தொடக்கப்பள்ளி ஆசிரியர்

ஒரு சின்ன மறுப்பு. விளக்கத்தை வெட்டலாம், கதையை வெட்டக்கூடாது. கதை நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது நிறுத்திக் கேள்வி கேட்டால் பிள்ளைகளுக்கு எரிச்சல்தான் வரும். பத்து நிமிடக் கதையை முழுசாக ஓடவிட்டு, முடிந்ததும் கொஞ்சம் மௌனமாக இருங்கள். முதலில் அவர்களே பேசட்டும்.

மொழி ஆசிரியர்

அது சரிதான் சார், நான் சொன்னது விளக்கப் பகுதிகளுக்கு.

கேள்வி கேட்டவர்

மோனோவை ஆன் செய்ததும் ஒலி அப்படியே அடங்கிவிட்டது! போன் உறைதான் பின்னை முழுசாக இறங்கவிடாமல் தடுத்திருக்கிறது. கழற்றியதும் பேச்சு பளிச்சென்று வந்தது. ஸ்பீக்கரை நடுவில் ஒரு பெஞ்சின் மேல் வைத்து, சொன்ன மாதிரியே படம் வரையவைத்தேன். பின்வரிசையில் வாயே திறக்காத ஒரு பெண், 'மிஸ், சூரியனை மேகம் மறைத்துவிட்டால் தேனீ என்ன செய்யும்?' என்று கேட்டாள். எபிசோடில் அதற்கு விடையே இல்லை. நீலவானம் கொஞ்சம் தெரிந்தாலே அந்த ஒளியின் முனைவாக்கத்தை, அதாவது ஒளி அலைகள் எந்தத் திசையில் அதிர்கின்றன என்பதை, தேனீயின் கண் உணரும், அதுவும் ஃபான் ஃபிரிஷ் கண்டதுதான் என்று அடுத்த வகுப்பில் சொன்னேன். அவளுக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

இரண்டு சந்தேகம் பாக்கி. வீட்டில் கேட்டு 11:40-இல் தொடங்க வேண்டும் என்று குறித்து வைத்தேன். வகுப்பில் பள்ளி டேப்லெட்டில் போட்டால் அந்த இடத்தில் வேறு ஏதோ ஓடுகிறது. அடுத்து, பிள்ளைகளே ஒரு சின்ன பாட்காஸ்ட் செய்யலாமா என்று கேட்கிறார்கள். வகுப்பறையில் பதிந்து பார்த்தோம், ஒரே எதிரொலி.

ஒலிப்பதிவு வேலை செய்பவர்

முதலாவது விளம்பரத்தால் வருவது. பல பாட்காஸ்ட்டுகளில் பதிவிறக்கும்போதுதான் விளம்பரம் சேர்கிறது, சாதனத்துக்குச் சாதனம் அதன் நீளம் மாறும், குறித்த நேரமும் தள்ளிப்போகும். எந்தக் கருவியில் போடப்போகிறீர்களோ அதிலேயே முன்கூட்டிப் பதிவிறக்கி, அந்தக் கோப்பைக் கேட்டு நேரம் குறியுங்கள். நடுவில் இணையம் நின்று சுற்றிக்கொண்டிருக்கும் தொல்லையும் இருக்காது.

பிள்ளைகள் செய்வதற்கு வகுப்பறை வேண்டாம். புத்தக அலமாரிகள் நிறைந்த சின்ன அறை போதும், துணித்திரை இருந்தால் இன்னும் நல்லது. போனை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் பிடிக்கட்டும், மூச்சுக் காற்று மைக்கில் மோதாது. வெட்டி ஒட்ட ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. மோனோவில், 64 கேபிபிஎஸ் எம்பி3-ஆகச் சேமித்தால் பத்து நிமிடப் பேச்சு 5 எம்பிக்குள் அடங்கும், பேச்சுக்கு அந்தத் தரம் தாராளம்.

மொழி ஆசிரியர்

எழுதி வைத்து வாசிக்க விடாதீர்கள் டீச்சர், குரல் தட்டையாகிவிடும். ஒரு தாளில் ஐந்தாறு சொற்குறிப்பு மட்டும் இருக்கட்டும். ஒருவர் கேட்க ஒருவர் சொல்லட்டும். கேள்வி கேட்கும் பொறுப்பை அந்தப் பின்வரிசைப் பெண்ணிடம் கொடுத்துப் பாருங்கள். வகுப்புக்கு வெளியே பகிர்வதாக இருந்தால் பெற்றோரிடம் முதலில் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், பதிவில் பிள்ளைகளின் முழுப்பெயரோ பள்ளியின் பெயரோ வேண்டாம்.