பி2பி டிமாண்ட் ஜெனரேஷன்: படிவத்தை எடுத்துவிடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்கும் ஒரு சிறிய கம்பெனியில் மார்க்கெட்டிங் பார்க்கிறேன். இதுவரை எங்கள் வேலை ஒன்றுதான்: இணையத்தில் கையேடு போடுவது, அதை டவுன்லோட் பண்ண விவரம் கேட்டு படிவம் வைப்பது, அதில் வரும் போன் நம்பர்களை சேல்ஸ் டீமிடம் கொடுப்பது. போன வாரம் அவர்கள் அந்த நம்பர்களுக்குப் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "படிக்கத்தான் டவுன்லோட் பண்ணேன், இப்போ எதுவும் வாங்குற ஐடியா இல்லைங்க" என்று ஒருவர் சொன்னார். அடுத்தடுத்து வந்ததும் அதே பதில்தான். சேல்ஸ் டீமின் சலிப்பு எனக்குப் புரிகிறது.

எரென்பெர்க்-பாஸ் ஆய்வு மையத்தின் ஜான் டாஸ் சொல்லும் 95:5 கணக்கைப் படித்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்றும் பொருள் என்றால், ஒரு வருடத்தில் 20 சதவீதம் பேர்தான் வாங்குவார்கள்; ஒரு காலாண்டில் வெறும் 5 சதவீதம். மீதி 95 சதவீதம் பேர் மனதில் இப்போதே பதிய வேண்டும். அதற்குத்தான் டிமாண்ட் ஜெனரேஷன், அதாவது வாங்கும் நேரம் வருவதற்கு முன்பே ஆர்வத்தை உருவாக்கும் திட்டம் போட நினைக்கிறேன்.

படிவத்தை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் திறந்து வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? லீட் (படிவம் நிரப்பி விவரம் தருபவர்கள்) எண்ணிக்கை சரிந்த மாதங்களில் நிர்வாகத்திடம் எதைக் காட்டினீர்கள்? டெமோ கேட்கும் படிவத்தில் "எங்களை எப்படித் தெரியும்?" என்று கேட்கலாம் என்றிருக்கிறேன், அந்தப் பதில்களை எவ்வளவு நம்பலாம்? இன்னொன்று, பயன்படுத்துபவர், ஐடி, நிதி என்று மூன்று பேர் சேர்ந்து முடிவெடுக்கும் இடத்தில் முதலில் யாருக்கு எழுதுவது? நான் நிதிக்காரரைத்தான் இத்தனை நாள் விட்டுவிட்டேன் என்று தோன்றுகிறது.

சறுக்கிய அனுபவமாக இருந்தாலும் சொல்லுங்கள். அடுத்த காலாண்டு பட்ஜெட்டுக்கு முன் முடிவெடுக்க வேண்டும்.